பழைய மோட்டார் சைக்கிளுக்கு மீண்டும் உயிரூட்டல்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: பல ஆண்டுகளாகக் கொட்டகையில் கிடந்த ஒற்றைச் சிலிண்டர் மோட்டார் சைக்கிள் ஒன்று என்னிடம் வந்திருக்கிறது. நான்கு ஸ்ட்ரோக் எஞ்சின். கிக்கர் அசையவே இல்லை. எல்லாவற்றையும் கழற்றிச் சுத்தம் செய்து மீண்டும் பூட்டிவிடலாம் என்று எண்ணுகிறேன். எங்கிருந்து தொடங்குவது?

பதில்: எல்லாவற்றையும் கழற்றும் எண்ணத்தை இப்போதைக்கு ஒத்திவையுங்கள். வண்டி முழு உருவில் நிற்கும்போதே எஞ்சின் சுழல்கிறதா, தீப்பொறி வருகிறதா, பிரேக் பிடிக்கிறதா என்று பார்த்துவிட்டால், எதைக் கழற்ற வேண்டும், எதைத் தொடாமல் விட வேண்டும் என்பது தெரிந்துவிடும். மாறாக, முதல் வாரத்திலேயே சட்டகம் வரை பிரித்துப் போட்டவர்கள், சில மாதங்கள் கழித்து எந்த வாஷர் எந்தப் போல்ட்டுக்கு உரியது என்று தெரியாமல் பெட்டிகளோடு உட்கார்ந்திருப்பதுதான் வழக்கமாக நடப்பது. கழற்றியே ஆக வேண்டிய இடத்தில், கழற்றுவதற்கு முன் நான்கு பக்கமும் புகைப்படம் எடுத்துக்கொள்ளுங்கள். அட்டையில் மூடியின் வடிவத்தை வரைந்து, ஸ்க்ரூக்களை அவை இருந்த இடத்திலேயே குத்தி வையுங்கள். ஒரே மூடியில் வெவ்வேறு நீள ஸ்க்ரூக்கள் இருக்கும். நீளமானதைக் குட்டையான துளையில் முறுக்கினால் அலுமினிய உறையே விரிசல் விடும்.

கிக்கரை உடல் எடை கொடுத்து மிதிக்காதீர்கள். முதலில் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றுங்கள். பெட்ரோல் குழாய் கசிந்து சிலிண்டரில் பெட்ரோல் நிரம்பியிருந்தாலும் கிக்கர் அசையாது, திரவம் அமுங்காதல்லவா? அப்படி இல்லையென்றால் பிஸ்டன் வளையங்கள் துருவினால் சிலிண்டர் சுவரோடு பற்றியிருக்கக்கூடும். துரு இளக்கும் எண்ணெயையோ, தானியங்கி கியர்பெட்டி எண்ணெயும் அசிட்டோனும் சம அளவில் கலந்த கலவையையோ பிளக் துளை வழியாக ஊற்றிச் சில நாட்கள் ஊற விடுங்கள். அசிட்டோன் எளிதில் தீப்பற்றும் என்பதால் அருகில் நெருப்பு கூடாது. பிறகு வண்டியை உயர்ந்த கியரில் போட்டு, பின் சக்கரத்தைக் கையால் முன்னும் பின்னுமாக மெல்ல அசையுங்கள். அசையாவிட்டால் மீண்டும் ஊற்றிக் காத்திருங்கள். இந்த வேலையில் பொறுமைக்கு நிகரான ஸ்பேனர் கிடையாது.

பிஸ்டன் விடுபட்டதும் உடனே கிளப்பிவிட ஆசை வரும், அதற்கு இணங்காதீர்கள். வால்வுகளுக்கு மேலுள்ள டாப்பெட் மூடிகளைத் திறந்து, எஞ்சினைக் கையால் சுற்றும்போது இரண்டு வால்வுகளும் முழுமையாக ஏறி இறங்குகின்றனவா என்று பாருங்கள். ஒரு வால்வு வழிகாட்டிக் குழலில் பற்றியிருக்கும் நிலையில் எஞ்சினை வேகமாகச் சுழற்றினால், வால்வைத் திறக்கும் தள்ளுகோல் வளையும் அல்லது பிஸ்டன் வால்வில் மோதும். பிளக் துளை வழியாக விளக்கொளியில் சிலிண்டர் சுவரைப் பார்க்கும்போது மெல்லிய பழுப்புப் படலம் தெரிந்தால் பயமில்லை. குழிகள் தெரிந்தால் சிலிண்டரின் மேல்மூடியான ஹெட்டைக் கழற்றிச் சிலிண்டரைக் கடைசல் பட்டறைக்கு அனுப்புவதே முறை. பழைய எஞ்சின் ஆயிலை வடித்துவிடுங்கள். அது பால் கலந்ததுபோல் வெளுத்திருந்தால் உள்ளே நீர் சேர்ந்திருக்கிறது, புதிய ஆயிலையும் விரைவில் ஒருமுறை மாற்ற வேண்டியிருக்கும்.

கேள்வி: எஞ்சின் உறை ஸ்க்ரூக்களைக் கழற்ற முயலும்போதெல்லாம் தலைகள் சிதைகின்றன. ஸ்க்ரூ டிரைவர் புதியதுதான்.

பதில்: உங்கள் வண்டி ஜப்பானியத் தயாரிப்பு என்றால், ஸ்க்ரூ டிரைவர் புதியதாக இருந்தும் பொருந்தாததாக இருக்கலாம். ஜப்பானியத் தரத்தில் அமைந்த கூட்டல்குறித் தலையும், பிலிப்ஸ் எனப்படும் வழக்கமான தலையும் பார்வைக்கு ஒன்றுபோலத் தோன்றினாலும் அடிப்பகுதியின் வளைவு வேறு. பிலிப்ஸ் முனை அதில் முழுமையாக அமராமல் மேலேறி வழுக்கி, தலையைத் தின்றுவிடும். ஜேஐஎஸ் எனப்படும் இந்த ஜப்பானியத் தர முனையை வாங்கி, சுத்தியலால் அடிக்கும்போதே திருகும் இம்பாக்ட் டிரைவரில் பொருத்திப் பயன்படுத்துங்கள். பழைய பிரிட்டிஷ் வண்டியென்றால் சிக்கல் வேறு: அவற்றில் விட்வொர்த் எனப்படும் பழைய பிரிட்டிஷ் அங்குல அளவு நட்டுகள் இருக்கும், மில்லிமீட்டர் ஸ்பேனர் ஏறக்குறையப் பொருந்துவதுபோல் தோன்றி, முனைகளை உருட்டிவிடும்.

கேள்வி: பெட்ரோல் டேங்க்கினுள் முழுவதும் துரு. ஜல்லியைப் போட்டுக் குலுக்கச் சொல்கிறார்கள்; சிலர் கழிவறை ஆசிட்டைப் பரிந்துரைக்கிறார்கள். எது சரி?

பதில்: இரண்டையுமே நான் பரிந்துரைக்க மாட்டேன். ஜல்லி மடிப்புகளுக்குள் சிக்கிக்கொண்டு வெளியே வராது. கழிவறை ஆசிட் துருவோடு நல்ல இரும்பையும் அரிக்கும். வீட்டில் செய்யத் தக்கது சிட்ரிக் அமிலம்: பத்து லிட்டர் வெந்நீருக்கு ஏறத்தாழ அரைக் கிலோ போதும். முதலில் பெட்ரோலை முற்றிலும் வடித்து, சோப்புத் தூள் கரைசலால் பலமுறை கழுவி, பெட்ரோல் குழாயையும் மிதவை அளவியையும் கழற்றித் துளைகளை அடைத்துவிட்டு, கரைசலை விளிம்பு வரை நிரப்புங்கள். அரைகுறையாக நிரப்பினால் மேற்பகுதித் துரு அப்படியே நிற்கும். ஓரிரவு கழித்துப் பாருங்கள். தேவையெனில் புதுக் கரைசலை ஊற்றுங்கள். கரைசல் வெளியே சிந்தினால் பெயின்ட் மங்கக்கூடும்.

பலரும் கோட்டை விடுவது இதற்குப் பிந்தைய அரைமணி நேரத்தில்தான். அமிலம் பட்ட இரும்பு காற்றும் ஈரமும் சேர்ந்தால் கண்ணெதிரே மீண்டும் துருவேறும். ஆகவே, சமையல் சோடா கரைத்த நீரால் அமிலத்தை முறித்து, நன்றாக அலசி, உடனே சூடான காற்றைச் செலுத்தி உலர்த்தி, கொஞ்சம் டூ-ஸ்ட்ரோக் ஆயில் கலந்த பெட்ரோலை ஊற்றி உட்புறம் முழுதும் படும்படி சுழற்றுங்கள். சூடான காற்றைச் செலுத்தும் முன் பெட்ரோல் வாடை சிறிதும் இல்லை என்பதை உறுதி செய்துகொள்ளுங்கள். நிரம்பிய டேங்க்கைவிட, ஆவி மட்டும் எஞ்சியிருக்கும் காலி டேங்க்தான் வெடிக்கக்கூடியது. துளை விழுந்திருந்தால் வீட்டில் வெல்டிங் வேண்டவே வேண்டாம்.

உட்பூச்சு பூசலாமா என்றும் பலர் கேட்கிறார்கள். ஊசித்துளைக் கசிவு இருந்தாலொழிய வேண்டாம் என்பேன். சரியாகப் பிடிக்காத பூச்சு பின்னாளில் உரிந்து பெட்ரோல் குழாயை அடைக்கும். டேங்க் மூடியிலுள்ள காற்றுத் துளையையும் ஊதிப் பாருங்கள். அது அடைத்திருந்தால் சில நிமிடங்கள் ஓடிய பின் எஞ்சின் நின்றுவிடும்; மூடியைத் திறந்து மூடியதும் மீண்டும் கிளம்பும். இதைத் தெரியாமல் கார்புரேட்டரைத் திரும்பத் திரும்பக் கழற்றுபவர்கள் உண்டு.

கேள்வி: கார்புரேட்டர் ஜெட்டின் துளை அடைத்திருக்கிறது. ஊசியால் குத்தலாமா?

பதில்: கூடாது. பெட்ரோலை அளந்துவிடும் அந்தச் சிறு ஜெட் பித்தளை, எஃகு ஊசி துளையை அகலமாக்கி, அளவைக் கெடுத்துவிடும். கார்புரேட்டர் சுத்திகரிப்புத் திரவத்தில் ஊற வைத்து, மெல்லிய செம்புக் கம்பி இழையால் வழி எடுங்கள். ரப்பர் வளையங்களையும் சவ்வையும் முன்பே கழற்றிவிடுங்கள், அத்திரவம் அவற்றை ஊதிப் போகச் செய்யும். எஞ்சின் மெல்ல ஓடும்போது பெட்ரோல் தரும் பைலட் ஜெட்டை வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, வட்டமான ஒளிப்புள்ளி தெரிகிறதா என்று பார்ப்பதே நம்பத் தக்க சோதனை.

கேள்வி: டயரின் கட்டைகள் தேயவே இல்லை. மாற்றத்தான் வேண்டுமா?

பதில்: பக்கவாட்டில் நான்கு இலக்கங்கள் பொறித்திருக்கும். 2309 என்றிருந்தால், 2009ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் தயாரானது என்று பொருள். மூன்று இலக்கங்கள்தான் இருக்கின்றன என்றால் அது 2000க்கு முந்தையது, உடனே கழற்றுங்கள். தேயாத டயரும் காலப்போக்கில் கெட்டிப்பட்டு, ஈரச் சாலையில் பிடிப்பை இழக்கும். உள் டியூபையும் சேர்த்து மாற்றுங்கள். சக்கரத்தைக் கழற்றும்போது டிரம் பிரேக்கின் தூசியைக் காற்றடித்து ஊதாதீர்கள்; பழைய பிரேக் ஷூக்களில், மூச்சில் போனால் தீங்கான கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) இருக்கக்கூடும். ஈரத் துணியால் துடைத்து, அந்தத் துணியை உறையில் கட்டி அப்புறப்படுத்துங்கள். எஞ்சின் கிளம்பும் நாளுக்கு முன்பே பிரேக் தயாராக இருக்க வேண்டும்.

கேள்வி: பெயின்ட் மங்கி, ஆங்காங்கே உதிர்ந்திருக்கிறது. புதிதாக அடித்துவிடலாமா?

பதில்: வண்டி நன்றாக ஓடத் தொடங்கிச் சில நூறு கிலோமீட்டர்கள் கடந்த பிறகு அடியுங்கள். அதற்குள் எங்காவது ஆயில் கசியும், ஏதேனும் ஒரு தாங்கியைக் கழற்ற நேரும். புதுப் பெயின்டில் ஸ்பேனர் கீறல் விழுவதைப் பார்க்க வேண்டியிருக்காது. தொழிற்சாலையில் அடித்த பெயின்ட் பாதியளவு தேறினாலும் அதைக் காப்பாற்றுவதையே நான் விரும்புவேன். இருக்கைக்கு அடியில் மறைவான ஓரிடத்தில் பாலிஷ் பசையைத் தேய்த்துப் பார்த்தால், அடியில் நிறம் எவ்வளவு மிச்சமிருக்கிறது என்பது தெரியும். பெயின்டை உரித்தே ஆக வேண்டுமென்றால், மணல் வீசிச் சுத்தம் செய்வதைச் சட்டகத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். எஞ்சின் உறையின் எண்ணெய்ப் பாதையில் ஒளிந்துகொள்ளும் மணல், பேரிங்கை அழித்துவிடும். சட்டக எண்ணும் எஞ்சின் எண்ணும் பொறித்த இடங்களை உப்புத்தாளால் தேய்க்காமல், ஒட்டுத்தாளால் மூடி வையுங்கள். எண் மங்கினால் வண்டி உங்களுடையதுதான் என்று நிறுவுவதே பெரும்பாடாகிவிடும்.