முன்பணம் கட்டும் முன் அந்த நோட்டைப் படியுங்கள்

போன வாரம் மேற்படிப்புக்கு ஆலோசனை கேட்டு ஒரு குடும்பம் என்னிடம் வந்திருந்தது. அம்மா, அப்பா, பள்ளிப் படிப்பை முடித்த மகள், கூடவே அப்பாவின் அண்ணன். பெரியப்பாதான் அதிகம் பேசினார். மருத்துவத்துக்கு மதிப்பெண் கொஞ்சம் இடிக்கிறது, பணம் கட்டினால் இடம் கிடைக்கும், வீட்டை அடமானம் வைத்தால் சமாளித்துவிடலாம், இவ்வளவும் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கும்போது இந்தப் பெண் மானிடவியல் படிக்கிறேன் என்கிறாளே, அதைப் படித்து என்ன வேலைக்குப் போவாள் என்று கேட்டார். அந்த அம்மா கடைசியில் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "நாங்கள் செய்வது தப்பா?"

அன்றைக்கு "பதற்றப்படாதீர்கள், பார்த்துக்கொள்ளலாம்" என்று மென்மையாகப் பேசி அனுப்பிவிட்டேன். ராத்திரி யோசித்துப் பார்த்தபோது அது போதாது என்று பட்டது. அதனால் இதை உங்களுக்கு எழுதுகிறேன், அம்மா. ஆமாம், தப்புதான்.

முதலில் பணம். கடன் வாங்கிப் படிப்பதையே நான் குறை சொல்லவில்லை. ஆனால் படிக்கப் போகிறவளுக்கு விருப்பம் இல்லாத படிப்புக்காகக் குடியிருக்கும் வீட்டை அடகு வைப்பதில் எனக்குத் துளியும் சம்மதம் இல்லை. மருத்துவம் நீண்ட படிப்பு. பட்டம், பயிற்சி, அதற்கு மேல் சிறப்புப் படிப்பு என்று பத்து வருடத்தை நெருங்கிவிடும். நடுவில் முடியவில்லை என்று அவள் வெளியே வந்தாலும் தவணை நிற்காது, வீடு போய்விடுமே என்ற பயத்தில் வெளியே வராமலே உள்ளுக்குள் நொந்துபோன பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். பெரியப்பா உங்கள் நல்லதுக்குத்தான் சொல்கிறார், அதில் சந்தேகம் இல்லை. ஆனால் கடன் பத்திரத்தில் கையெழுத்துப் போடப்போவது நீங்கள், வகுப்பில் உட்காரப்போவது உங்கள் மகள்.

அப்புறம் அவளுடைய விருப்பம். நீங்கள் மூவரும் வெளியே காத்திருந்தபோது அவள் ஒரு நோட்டைக் காட்டினாள். இதை எழுதுவதற்கும் அவளிடம் கேட்டுக்கொண்டேன். பாட்டி ஆஸ்பத்திரியில் இருந்த 11 நாளும் துணைக்கு இருந்தது இவள்தானே, அப்போது எழுதியது. டாக்டர் வந்துபோனதும் நோயாளிகளின் உறவினர்கள் சந்தேகத்தை நர்ஸிடம் கேட்பதில்லை, தரை துடைக்க வரும் அம்மாவிடம்தான் கேட்கிறார்கள். அவர் துடைப்பதை நிறுத்துவதில்லை, குரலை மட்டும் தாழ்த்திக்கொண்டு பதில் சொல்கிறார். மூன்றாம் படுக்கையில் இருப்பவர் நீண்ட நாளாக இருக்கிறார், புதிதாக வருகிறவர்கள் ஜன்னலைத் திறக்கலாமா என்று அவரிடம்தான் கேட்கிறார்கள். ஓரத்தில் சின்ன எழுத்தில் ஒரு வரி: "இவரை யார் பெரியவர் ஆக்கினார்கள்?" 11 நாள் குறிப்பில் பாட்டியின் நோயைப் பற்றியோ மருந்தைப் பற்றியோ ஒரு வரி இல்லை. ஆஸ்பத்திரியிலேயே இருந்தும் அவள் கண் மருத்துவத்தின் பக்கம் போகவில்லை, மனிதர்கள் பக்கம் போயிருக்கிறது.

மானிடவியல் என்றால் மனிதர்களையும் அவர்கள் சேர்ந்து வாழும் விதத்தையும் ஆராயும் படிப்பு. அவள் ஓரத்தில் எழுதிய கேள்வி அதன் அடிப்படையான கேள்விகளில் ஒன்று. எந்தச் சட்டத்திலும் எழுதப்படாத ஒழுங்கு மனிதர்களுக்குள் எப்படி உருவாகிறது, எல்லோரும் ஏன் அதற்குக் கட்டுப்படுகிறார்கள்? எலும்பையும் பரிணாமத்தையும் பார்க்கும் உயிரியல் மானிடவியல், தொல்லியல், மொழி மானிடவியல் என்று வேறு கிளைகளும் உண்டு. இவளுக்கு ஏற்றது சமூக, பண்பாட்டு மானிடவியல்.

அதன் முக்கியமான கருவி களப்பணி, அதாவது மக்களோடு தங்கி அவர்கள் வாழ்வதைப் பார்த்து எழுதுவது. போலந்தில் பிறந்த மானிடவியலாளர் மாலினோவ்ஸ்கி 1915க்கும் 1918க்கும் இடையில் நியூகினிக்கு அருகிலுள்ள டிரோப்ரியாண்ட் தீவுகளில் ஊர் நடுவே கூடாரம் போட்டுத் தங்கினார். அந்த மக்களின் மொழியைக் கற்று, தினமும் பார்த்ததை எழுதினார். அங்கே மனிதர்கள் படகில் ஆபத்தான கடலைத் தாண்டிப் போய்ச் சிவப்புச் சிப்பி மாலைகளையும் வெள்ளைச் சிப்பி வளைகளையும் மாற்றிக்கொள்வார்கள். மாலைகள் தீவுக் கூட்டத்தை ஒரு திசையிலும் வளைகள் எதிர்த் திசையிலும் சுற்றிவரும், யாரும் நிரந்தரமாக வைத்துக்கொள்ளக் கூடாது. வெளியாளுக்கு வீண் வேலையாகத் தெரியும். கூடவே இருந்து பார்த்தவருக்குத்தான் அது தீவுகளுக்கு இடையே உறவையும் பேரையும் கட்டிக் காக்கும் ஏற்பாடு என்று புரிந்தது. கேள்வித்தாள் கொடுத்துவிட்டு வந்திருந்தால் இவ்வளவு கிடைத்திருக்காது, ஏனென்றால் மனிதர்கள் சொல்வதும் செய்வதும் பல நேரம் வேறாக இருக்கும்.

உங்கள் வீட்டில் மருத்துவத்தின் மேல் அவ்வளவு மதிப்பு இருப்பதால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். 1950களில் பாப்புவா நியூகினியின் மலைப்பகுதியில் ஃபோரே என்ற மக்களிடையே குரு என்றொரு நோய் பரவியது. உடல் நடுங்கும், நடை தடுமாறும், பிறகு மரணம். இறந்தவர்களில் பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். குடும்பம் குடும்பமாக வந்ததால் இது பரம்பரை நோய் என்று மருத்துவ ஆய்வாளர்கள் வலுவாகச் சந்தேகித்தார்கள். 1961இல் ராபர்ட் கிளாஸ், ஷெர்லி லிண்டன்பாம் என்ற இரண்டு மானிடவியலாளர்கள் அங்கே போனார்கள். ஊர் ஊராக உட்கார்ந்து, இறந்தவர் யார், யாருக்கு என்ன உறவு, முதலில் இந்த நோயை எப்போது பார்த்தீர்கள் என்று பொறுமையாகக் கேட்டார்கள். முதியவர்களுக்கு நோய் தங்கள் ஊருக்கு வந்த காலமே நினைவில் இருந்தது. காலம் காலமாக ரத்தத்தில் வருவது என்றால் அப்படி இருக்காதே! அதோடு, அந்த மக்கள் சொந்தம் என்று சொன்ன பலருக்குள் ரத்த சம்பந்தமே இல்லை, பழகிப் பகிர்ந்து சொந்தம் ஆனவர்கள். கடைசியில் கேள்வி துக்கச் சடங்கில் வந்து நின்றது. இறந்த உறவினரின் உடலை உண்டு வழியனுப்புவது அவர்கள் வழக்கமாக இருந்தது, அதில் பங்கெடுத்தவர்கள் பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். நோய் ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தொற்றும் என்பது 1966இல் சிம்பன்சிகளை வைத்து உறுதியானது. அந்த ஆய்வை நடத்திய மருத்துவர் காய்டுசெக்குக்கு 1976இல் நோபல் பரிசு கிடைத்தது. மருத்துவர் ஆய்வகத்தில் உறுதி செய்ததற்கு முன்னால், யார் யாருக்குச் சொந்தம் என்று தரையில் உட்கார்ந்து கேட்டு எழுதிய இரண்டு பேர் இருந்தார்கள். உங்கள் மகள் வார்டில் உட்கார்ந்து செய்ததும் அந்த வகை வேலைதான்.

2014இல் மேற்கு ஆப்பிரிக்காவில் எபோலா பரவியபோதும் இதே தேவை வந்தது. இறந்தவரைத் தொட்டுக் கழுவி அடக்கம் செய்யும் வழக்கத்தால் தொற்று பரவியது, வெறுமனே தடை போட்டால் குடும்பங்கள் உடலை மறைத்தன. மரியாதையும் பாதுகாப்பும் சேர்ந்த அடக்க முறையை உருவாக்க மானிடவியலாளர்கள் துணை நின்றார்கள்.

சரி, வேலை. ஆசிரியப் பணி, போட்டித் தேர்வு எல்லாம் உங்களுக்கே தெரியும், விட்டுவிடுகிறேன். பலர் கவனிக்காதது பயனர் ஆய்வு, அதாவது ஒரு பொருளை மனிதர்கள் உண்மையில் எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்று கவனிக்கும் வேலை. 1980களின் தொடக்கத்தில் லூசி சச்மன் என்ற மானிடவியல் ஆய்வாளர் ஜெராக்ஸ் நிறுவனத்தின் ஆய்வு மையத்தில் இருந்தார். தேர்ந்த கணினி அறிஞர்கள் இருவர் ஒரு நகல் இயந்திரத்தோடு மல்லாடுவதை வீடியோவில் பதிவு செய்தார். மனிதர்கள் திட்டம் போட்டு அதன்படியே நடப்பதில்லை, அந்தந்த நொடியில் கண்ணெதிரே இருப்பதை வைத்து நடக்கிறார்கள், இயந்திரத்துக்கு அது தெரியவில்லை என்று காட்டினார். இன்றைக்கு மென்பொருள் நிறுவனங்களிலும் பொதுச் சுகாதாரத் திட்டங்களிலும் இந்த மாதிரிப் பார்க்கத் தெரிந்தவர்களுக்கு இடம் இருக்கிறது. ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்: இளநிலைப் பட்டம் மட்டும் போதாது. முதுநிலையும், கூடவே புள்ளியியலோ இன்னொரு மொழியோ வேண்டும். முதல் சில வருடச் சம்பளம் பெரியப்பாவுக்குத் திருப்தி தராமலும் போகலாம். ஆனால் வீடு உங்கள் பெயரிலேயே இருக்கும்.

கல்லூரியின் பெயரைப் பார்த்து மயங்க வேண்டாம். அந்தத் துறையில் படிக்கும் மாணவர்களிடம் மூன்றே கேள்விகள் கேளுங்கள். எத்தனை வாரம் களத்துக்கு அனுப்புகிறார்கள்? சொந்த ஆய்வேடு எழுத வேண்டுமா? களக்குறிப்பை ஆசிரியர் வரி வரியாகப் படித்துத் திருத்துகிறாரா? களப்பணியே இல்லாத துறை என்றால் கட்டணம் எவ்வளவு குறைவாக இருந்தாலும் வேண்டாம் என்பேன்.

உங்கள் மகளிடமும் ஒன்று சொல்ல வேண்டும், அவளைக் கூப்பிட்டு இதைப் படிக்கச் சொல்லுங்கள். அந்த வார்டில் இருந்தவர்கள் யாரும் தங்களைப் பற்றி எழுத உனக்கு அனுமதி தரவில்லை. இந்தத் துறையில் சம்மதம் கேட்பதுதான் முதல் பாடம், அதை மறந்தவர்களால் இந்தத் துறைக்கே கெட்ட பெயர் வந்திருக்கிறது. எனக்குக் காட்டியது போதும். இனி யாருக்கும் கொடுக்கும் முன் பெயர்களையும் நோய் விவரம் ஏதாவது இருந்தால் அதையும் அடித்துவிடு.

வெள்ளிக்கிழமை முன்பணம் கட்ட வேண்டும் என்றீர்கள். கட்ட வேண்டாம். அவள் பெயர்களை அடித்துக் கொடுத்ததும் நீங்களும் அவள் அப்பாவும் உட்கார்ந்து அந்த 11 நாளையும் படியுங்கள், அடுத்த வாரம் மறுபடி வாருங்கள். வரும்போது நோட்டையும் எடுத்து வரச் சொல்லுங்கள்.