கறுப்பு யாருடைய நிறம்?

கேள்வி: ஐயா, வேறொரு நாட்டின் கொடியை நம் சிங்கப்பூர்க் கொடியுடன் ஒப்பிட்டு எழுதும்படி உயர்நிலைப்பள்ளியில் படிக்கும் என் மகளுக்கு ஒப்படைப்பு தந்திருக்கிறார்கள். அவள் கரீபியத் தீவு நாடான டிரினிடாட் டொபேகோவைத் தேர்ந்தெடுத்து, அதன் கொடியிலுள்ள கறுப்பு ஆப்பிரிக்க வம்சாவளியினரையும் வெள்ளை ஐரோப்பியரையும் குறிப்பதாக எழுதியிருக்கிறாள். அப்படியென்றால், கரும்புத் தோட்டங்களில் உழைக்கக் கப்பலேறிய நம்மவர்களுக்கு அந்தக் கொடியில் இடமே இல்லையா?
(ஒரு தாய், ஈசூன்)

பதில்: இடம் உண்டு, அம்மா. ஆனால் எந்த இனத்தாருக்கும் தனியாக ஒரு நிறத்தை ஒதுக்கி வைக்கவில்லை என்பதே அந்தக் கொடியின் சிறப்பு. தங்கள் மகளின் ஊகம் பலருக்கும் இயல்பாகத் தோன்றக்கூடியதுதான். எனினும் அந்நாட்டின் அதிகாரபூர்வ விளக்கம் வேறு. கறுப்பு, ஒரே உறுதியான பிணைப்பால் இணைந்த மக்களின் அர்ப்பணிப்பையும் வலிமையையும் ஒற்றுமையையும் மண்ணின் வளத்தையும் குறிக்கிறது. சிவப்பு, நிலத்தின், மக்களின் உயிர்த்துடிப்பும் கதிரவனின் வெம்மையும் ஆகும். வெள்ளை, தீவுகளைச் சூழ்ந்த கடல். அதோடு குறிக்கோள்களின் தூய்மையும், கதிரவனுக்குக் கீழே மாந்தர் அனைவரும் சமம் என்ற கருத்தும் அதில் அடங்கும். மண், நீர், நெருப்பு ஆகிய மூன்றையும் இந்நிறங்களில் காணலாம் என்றும் அவ்விளக்கம் சொல்கிறது. ஐம்பூதங்களை அறிந்த நமக்கு இது அந்நியமான சிந்தனை அன்று.

இந்த விளக்கத்தின் அருமை, அங்கே யார் யார் வாழ்கிறார்கள் என்று பார்த்தால்தான் புரியும். 1845 மே 30 அன்று ‘ஃபடேல் ரசாக்’ என்ற கப்பல் இருநூறுக்கும் மேற்பட்ட இந்தியர்களை முதன்முதலாக அங்கே கொண்டு சேர்த்தது. ஒப்பந்தக் கூலிமுறை 1917இல் நிறுத்தப்படுவதற்குள் 1,40,000க்கும் அதிகமானோர் போய்ச் சேர்ந்தனர். பெரும்பாலோர் கல்கத்தா வழியாகவும் சிறு பகுதியினர் சென்னை வழியாகவும் சென்றவர்கள். 2011ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இந்திய வம்சாவளியினர் ஏறத்தாழ 35 விழுக்காடு, ஆப்பிரிக்க வம்சாவளியினர் 34 விழுக்காடு. இப்படிச் சரிநிகராக நிற்கும் இரு பெரும் சமூகங்களில் ஒன்றுக்கு மட்டும் ஒரு நிறத்தை உரிமையாக்கியிருந்தால், கொடியே பூசலுக்குக் காரணமாகியிருக்கும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

ஒப்பீட்டுக்கு ஒரு குறிப்பு: நம் கொடியில் சமத்துவத்தையும் உலக சகோதரத்துவத்தையும் சிவப்பு சுமக்கிறது, அவர்கள் கொடியில் சமத்துவம் வெள்ளையில் இருக்கிறது. தூய்மை இரண்டிலுமே வெள்ளைதான். இதை மகள் எழுதினால் கட்டுரை சிறக்கும். வரையும்போது, வெள்ளைக் கரையிட்ட கறுப்புப் பட்டை கொடிக்கம்பத்தை ஒட்டிய மேல் மூலையில் தொடங்கி எதிர்ப்பக்கக் கீழ் மூலையில் முடிய வேண்டும். கறுப்பின் அகலம் ஒவ்வொரு வெள்ளைக் கரையைப் போல நான்கு மடங்கு. கொடியின் பின்புறத்தைப் பார்த்து வரைபவர்கள் பட்டையைத் திசைமாற்றி விடுவதுண்டு.

கேள்வி: கிரெனடா கொடியில் சாதிக்காயும் டொமினிக்கா கொடியில் கிளியும் இருக்க, டிரினிடாட் கொடி மட்டும் ஏன் இவ்வளவு எளிமையாக இருக்கிறது? அதை வடிவமைத்தவர் யார்?
(வாசகர், பிடோக்)

பதில்: பறவைகள் அவர்களிடமும் உண்டு, அவற்றை அரசுச் சின்னத்தில் வைத்துவிட்டார்கள். கொடியையும் சின்னத்தையும் உருவாக்க அமைத்த குழுவில் ஓவியர் கார்லைல் சாங் இடம்பெற்றிருந்தார். வடிவமைப்பின் பெருமை பெரும்பாலும் அவருக்கே தரப்படுகிறது. அவர் சீன வம்சாவளியைச் சேர்ந்தவர் என்பதையும், கார்னிவல் விழாவுக்கு ஆடை அலங்காரங்களை வடிவமைத்துப் புகழ்பெற்றவர் என்பதையும் எண்ணிப் பார்க்கையில், வண்ணங்களை அள்ளிக் கொட்டத் தெரிந்த அந்தக் கை மூன்றே நிறங்களோடு நின்றது எனக்கு மிகுந்த வியப்பைத் தருகிறது.

அந்தக் கொடி பிறந்த வேளையும் நெருக்கடியானது. 1958இல் டிரினிடாட் உட்படப் பத்து கரீபியப் பிரதேசங்கள் சேர்ந்து அமைத்த மேற்கிந்தியக் கூட்டாட்சிக்கு, நீலப் பரப்பில் வெள்ளை அலைகளும் நடுவே பொன்னிறக் கதிரவனும் கொண்ட ஒரு கொடி இருந்தது. 1961 செப்டம்பரில் ஜமைக்கா மக்கள் வாக்கெடுப்பில் விலக முடிவு செய்ததும், பத்திலிருந்து ஒன்று போனால் மிஞ்சுவது சுழியம்தான் என்று டிரினிடாட்டின் தலைவர் எரிக் வில்லியம்ஸ் கூறினார். 1962 மே 31 அன்று கூட்டாட்சி கலைந்தது. அதன்பின் மூன்றே மாதங்களில் சுதந்திரம் வந்தது. நாம் 1959 டிசம்பரிலேயே கொடியை ஏற்றுக்கொண்டுவிட்டதால், 1965இல் மலேசியாவிலிருந்து பிரிந்தபோது புதிதாக ஒன்றைத் தேட வேண்டியிருக்கவில்லை. அவர்களுக்கு அந்த வாய்ப்பு இல்லை. 1962 ஆகஸ்ட் 30ஆம் தேதி நள்ளிரவில், போர்ட் ஆஃப் ஸ்பெயின் நகரிலுள்ள ‘ரெட் ஹவுஸ்’ என்ற நாடாளுமன்றக் கட்டடத்தின் முன் பிரிட்டிஷ் கொடி இறக்கப்பட, செந்நிறப் பரப்பில் கறுப்புப் பட்டையோடு இந்தக் கொடி முதன்முறையாக ஏறியது.