கொழும்பில் மூன்று நிமிடம்

அன்புள்ள சார்,

நாகர்கோவிலில் ஒரு சிறிய சூழலியல் அமைப்பில் வேலை செய்கிறேன். தெற்காசியக் கடல் மாசு பற்றிக் கொழும்பில் நடக்கும் கலந்தாய்வுக்கு, குடிமைச் சமூகத்தின் சார்பில் அழைத்திருக்கிறார்கள். பேச மூன்று நிமிடம். முடிவெடுப்பது அரசுகள்தான். நாங்கள் வெறும் அலங்காரமா? போகத்தான் வேண்டுமா?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

அலங்காரம்தான், அதில் என்ன சந்தேகம்? கொழும்பில் இருக்கும் சாசெப், அதாவது தெற்காசிய நாடுகளின் கூட்டுச் சூழலியல் அமைப்பு, 1982-ல் அரசுகள் கூடி அமைத்தது. ஐரோப்பாவில் 1998-ன் ஆர்ஹஸ் ஒப்பந்தமும் லத்தீன் அமெரிக்காவில் 2018-ன் எஸ்காசு ஒப்பந்தமும் தகவல் கேட்கவும் முடிவெடுப்பதில் பங்கேற்கவும் நீதிமன்றம் போகவும் மக்களுக்கு உரிமை தருகின்றன. தெற்காசியாவுக்கு அப்படி ஒன்று கிடையாது. கூப்பிட்டால் போகலாம், அவ்வளவுதான். மூன்று நிமிடம் போதாது என்ற புலம்பலை விடுங்கள். விஷயம் இருந்தால் அது தாராளம்.

உங்கள் கடிதம் வந்தபோது நான் குருணையைப் பற்றித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். 2025 மே மாதம் கொச்சிக்கு அப்பால் எம்எஸ்சி எல்சா 3 கப்பல் மூழ்கியதே, அதன் பிளாஸ்டிக் குருணை நம் கடப்புறம்வரை வந்து ஒதுங்கியது. உளுந்தைவிடச் சிறிய வெள்ளை மணி. மணலில் கலந்துவிட்டால் பொறுக்கி முடியாது. சல்லடையில் அரித்தால் கிளிஞ்சல் துண்டும் கூடவே நிற்கும். ஒரு அக்கா வாளித் தண்ணீரில் மணலைக் கொட்டி, மிதந்ததை மட்டும் வழித்து எடுத்துக்கொண்டிருந்தார். "இத ஆருட்ட போய் கேக்க?" என்றார்.

2021-ல் எக்ஸ்பிரஸ் பேர்ல் கப்பல் எரிந்து இலங்கைக் கரையில் ஒதுங்கியதும் இதே குருணைதான். அங்கே சூழலியல் அமைப்பும் கொழும்புப் பேராயரும் வழக்குப் போட்டார்கள். 2025 ஜூலையில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 100 கோடி டாலர் இழப்பீடு கொடுக்கச் சொன்னது. பணம் வந்து சேருமா என்பது வேறு கதை. ஆனால் ஆருட்ட கேக்க என்பதற்குப் பதில் பக்கத்துக் கரையில் இருந்திருக்கிறது, நம் அக்காவுக்குத் தெரியவில்லை.

ஏன் தெரியவில்லை? இங்கிருந்து யாரும் போகாமலா? எனக்கே சிலரைத் தெரியும். போனார்கள், முகநூலில் படம் போட்டார்கள், நிதி கொடுத்தவருக்கு ஆங்கிலத்தில் அறிக்கை அனுப்பினார்கள். ஊரில் பத்துப் பேரை நிறுத்தி, என்ன பேசினோம், யார் என்ன சொன்னார்கள் என்று தமிழில் சொன்னவர் ஒருவர் உண்டா? கோபம் வருகிறது, மக்ளே. ஐ.நா. கூட்டங்களுக்கு 1992 ரியோ மாநாடு வகுத்த ஒன்பது பிரிவுகளில் விவசாயி உண்டு, மீனவருக்குத் தனி இடம் இல்லை. அவர் உட்கார வேண்டிய நாற்காலியில்தான் நீங்கள் உட்காரப் போகிறீர்கள். திரும்பி வந்து அவரிடம் கணக்குச் சொல்லாமல் எப்படி?

1989-ல் மீனவர் பேரவையின் 'தண்ணீரைக் காப்போம், உயிரைக் காப்போம்' பயணம் எங்கள் பக்கமாக வந்தது. மே 1 அன்று கன்னியாகுமரியில் துப்பாக்கிச் சூட்டில் முடிந்ததைத்தான் எல்லோரும் சொல்வார்கள். எனக்கு நினைவிருப்பது, வெளியூர்க்காரர் ஒருவர் பேசப் பேச இன்னொருவர் வரிவரியாகத் தமிழில் சொன்னதும், மீன் கூடையை இறக்கி வைத்துவிட்டுக் கிழவிகள் குறுக்குக் கேள்வி கேட்டதும்தான்.

சரி, போங்கள். குருணையை யார் அள்ளினார்கள், கடலுக்குப் போகாத நாட்களை எப்படிக் கணக்கெடுத்தார்கள், எந்தக் காகிதங்களைப் பத்திரப்படுத்தினார்கள் என்று அங்கத்திய மீனவர்களிடம் கேட்டு எழுதிக்கொண்டு வாருங்கள். வந்த ஞாயிறே, முதல் பூசை முடிந்ததும் பேச வேண்டும். பங்குத்தந்தையிடம் சொல்லி மைக் வாங்கித் தருவது என் பொறுப்பு. பவர்பாயிண்ட் எல்லாம் வேண்டாம்.