குடிசைக்கு ஏது குடல்?

கேள்வி: ஆங்கில நாளிதழில் '20 குடிசைகள் கட்டட் (gutted)' என்று ஒரு தீ விபத்துச் செய்தி. அகராதியைப் புரட்டினால் குடலை எடுப்பது என்று போட்டிருக்கிறது. லண்டனில் படிக்கும் என் மகனோ, கால்பந்தில் அவனுடைய அணி தோற்ற அன்று 'ஐ ஆம் கட்டட்' என்று செய்தி அனுப்பினான். இதில் எதுதான் சரி?
— வாசகர், மன்னார்குடி

பதில்: அகராதியும் சரி, உங்கள் மகனும் சரி. நாளிதழ்தான் இடறியிருக்கிறது.

இது வெட்டுகிற 'கட்' (cut) அல்ல, குடலைக் குறிக்கிற 'கட்' (gut). மீன் கடையில் சங்கரா வாங்கி, 'சுத்தம் பண்ணிக் கொடுங்க' என்கிறீர்கள். அந்த அம்மா செதிலைச் சுரண்டி, வயிற்றில் ஒரு கீறல் போட்டு, விரலை விட்டுக் குடலை ஒரே இழுப்பில் உருவிப் போடுகிறார். பார்க்க மீன் மீனாகத்தான் இருக்கிறது, உள்ளே ஒன்றுமில்லை. தீ ஒரு கட்டடத்துக்குள் புகுந்து உத்தரம், கதவு, சாமான் எல்லாவற்றையும் தின்றுவிட்டுச் சுவரை மட்டும் விட்டுவைத்தால் அதுவும் கட்டட். 1981-இல் யாழ்ப்பாணப் பொது நூலகத்தைக் கொளுத்தியபோது சுமார் 97,000 நூல்கள் போயின, சுவர்கள் நின்றன. வெறும் கூடாக நின்ற அந்தக் கட்டடத்தைப் படத்தில் பார்த்தவர்களுக்கு இந்தச் சொல்லை விளக்க வேண்டியதில்லை.

கீற்றுக் குடிசை அப்படியா? பற்றினால் கீற்றும் மூங்கிலும் சேர்ந்தே சாம்பல். அதற்கு 'பர்ன்ட் டவுன்' போதும். நம் ஊர் ஆங்கில நிருபர்கள் கேட்டால்தானே! அவர்களுக்கு வைக்கோல் போரும் கட்டட். வைக்கோல் போருக்குக் குடல் உண்டு என்று கண்டுபிடித்தவர்கள் அவர்கள்தான். (கட்டடத்துக்குத்தான் கட்டட் என்று வைத்துக்கொள்ளுங்கள், மறக்காது.)

உங்கள் மகன் எழுதியது பிரிட்டிஷ் பேச்சு வழக்கு, 1980-களில் பரவியது. உள்ளுக்குள் இருந்ததை எல்லாம் யாரோ உருவிக்கொண்ட மாதிரி ஓர் ஏமாற்றம். நெருப்புக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. பையன் பத்திரமாகத்தான் இருக்கிறான்.

அப்புறம், ஆங்கிலப் பத்திரிகையைப் பார்த்துச் சிரிக்க நமக்கும் தகுதியில்லை. தமிழில் முடி பொசுங்குகிறது, தோசை தீய்கிறது, பயிர் கருகுகிறது. இத்தனை சொல் இருந்தும் குடிசையிலிருந்து குடோன் வரை எல்லாமே 'எரிந்து நாசம்'தான். போன இதழில் நாங்களும் அப்படித்தான் எழுதியிருந்தோம். நல்லவேளை, நீங்கள் அதைப் படிக்கவில்லை போலிருக்கிறது.