ப்ரொக் ரொக்: எந்தக் காலத்துப் பாட்டு திறம்? கேளுங்கோ, சொல்லுறன்

கிளிநொச்சிப் பக்கம் ரேடியோ திருத்திற கடை வச்சிருக்கிறன், பாட்டுப் பைத்தியம் எண்டு ஊருக்கே தெரியும். ப்ரொக் எண்டு சுருக்கிச் சொல்லுற ப்ரோக்ரசிவ் ரொக் எண்டா வேற ஒண்டும் இல்லை, ரொக் பாட்டை மூண்டு நிமிசத்தில முடிக்காமல் தாளத்தை மாத்தி மாத்தி, ஓகனும் புல்லாங்குழலும் சேத்து, கதையும் சொல்லிக்கொண்டு போறது. எந்தப் பத்து வருசத்துப் பாட்டு திறம் எண்டு கடை வாசலில ஒவ்வொரு நாளும் சண்டை, அதுதான் கேள்வியை எழுதித் தாங்கோ எண்டனான்.

கேள்வி (கிளிநொச்சி): அண்ணை, நேராச் சொல்லுங்கோ, 70களோ இப்ப வாறதோ திறம்? எனக்குப் பழசெல்லாம் ஒரே இழுவையாக் கிடக்கு.

பதில்: இழுவையோ? விடிய விடிய கோவலன் கூத்து பாத்த சனத்தின்ர பேரன் கதைக்கிற கதையே தம்பி இது.

என்ர கணக்கு என்னெண்டா, பாட்டு எவ்வளவு நீளம் எண்டு பாட்டுக்காரன் மட்டும் முடிவெடுக்கிறேல்ல, அது எதில வருதோ அந்தச் சாமானும் சேந்துதான் முடிவெடுக்குது. எல்பி இசைத்தட்டில ஒரு பக்கத்துக்கு 20, 22 நிமிசம் வடிவாப் பிடிக்கும், அதால யெஸ் எண்ட பாண்ட் 1972ல 'க்ளோஸ் டு தி எட்ஜ்' எண்டு 18 நிமிசத்துக்கு மேல வாற ஒரே பாட்டை ஒரு பக்கம் முழுக்கப் போட்டாங்கள், அதே வருசம் ஜெத்ரோ டல் எண்ட பாண்ட் முழு எல்பிக்குமே ஒரே பாட்டு, தட்டைத் திருப்பிப் போடுற இடத்தில மட்டும் ஒரு வெட்டு.

ஆனா நாங்கள் எல்பியில கேக்கேல்ல. 90களில இங்க கரண்டும் இல்லை, பற்றரியும் இல்லை. சயிக்கிளைக் கவிட்டு வச்சு, டைனமோவில நாலு டயோட்டும் ஒரு கப்பாசிற்றரும் பிடிச்சு கசற் ரெக்கோடருக்குக் குடுத்திட்டு, பெடலைக் கையால சுத்தோணும், கொஞ்சம் தளந்தீங்களெண்டா யெஸ் பாட்டுக்காரன்ர கீச்சுக் குரல் கிழவன்ர குரலாப் போயிடும். 18 நிமிசப் பாட்டுக்கு ரெண்டு பேர் மாறி மாறிச் சுத்தினாத்தான் காணும். அந்தப் பாட்டு தொடங்கிறது குருவிச் சத்தத்தோடயும் தண்ணிச் சத்தத்தோடயும், முதல் தரம் போடேக்க அம்மா கிணத்தடியை எட்டிப் பாத்தவ. கை நோகச் சுத்திக் கேட்டவனிட்ட வந்து இழுவை எண்டு சொல்லாதை.

சரி, உன்ர கேள்விக்கு வாறன். 1969 ஒக்டோபரில கிங் கிரிம்சன்ர முதல் எல்பி வந்தது, 1974ல 'ரெட்' எல்பியோட அந்த பாண்ட் கலைஞ்சுது. அந்த அஞ்சு வருசத்துக்குத்தான் நான் முதலிடம் குடுப்பன், ஏனெண்டா பிறகு வந்த எல்லாரும் அந்த அஞ்சு வருசத்திட்டக் கடன் வாங்கினவைதான்.

கேள்வி (மல்லாவி): நான் தவில் வாசிக்கிறனான். 7, 9 எண்ணிக்கைத் தாளம் எண்டு என்னவோ பெரிய வித்தை மாதிரிக் கதைக்கினம், எங்களுக்கு 7 எண்ணிற மிஸ்ரசாப்பு பால்குடி மறக்க முதல் தெரியும் தானே?

பதில்: ஓம், கணக்கு உங்களுக்குப் பழசுதான். பிங்க் ஃப்ளொய்ட்டின்ர 'மணி' (1973) பாட்டைப் போட்டிட்டு தகிட தகதிமி எண்டு தட்டிப் பாருங்கோ, காசு விழுற சத்தத்தில இருந்தே 7 அப்பிடியே இருக்கும். ஆனா கிற்றார் சோலோ வரேக்க 4க்கு மாறும், அந்த மாற்றத்தில வாற சுகமே வேற, ஒழுங்கையால வந்து ஏ9 றோட்டில ஏறின மாதிரி. உங்கட மேளத்தில தாளம் ஒண்டு நிக்கும், அதுக்குள்ள நீங்கள் எண்ணிக்கையைப் பிரிச்சு விளையாடி, தீர்மானம் எண்ட முடிவுக் கோர்வை வச்சு, தாளம் தொடங்கிற சமத்தில வந்து இறங்குவியள். இவங்கள் பாதியில தாளத்தையே தூக்கிப் போட்டு வேற தாளம் வைப்பாங்கள். ரெண்டும் ரெண்டு வித்தை. கணக்கு வழக்கில அவங்கள் உங்களுக்குக் கிட்டவும் வரமாட்டாங்கள் எண்டது என்ர எண்ணம், ரொக் பெடியள் கோவிச்சாலும் பறவாயில்லை.

கேள்வி (ரொறொன்ரோ, சொந்த ஊர் ஒட்டுசுட்டான்): மச்சான், றஷ் எங்கட ஊர் பாண்ட். அவையைப் பற்றி ஒண்டும் எழுதமாட்டியோ?

பதில்: உங்கட ஊர் எண்டுறாய், ஒட்டுசுட்டானில ட்ரம்ஸ் அடிச்சவங்களோ? சரி சரி. நீ ஊருக்கு வரேக்க உன்ர சூட்கேசில தொங்கின சிட்டைகளில ரொறொன்ரோ எயார்போட்டின்ர குறி ஒண்டு கிடந்தது ஞாபகமோ, வை வை இசட் எண்டு? 1981ல வந்த 'மூவிங் பிக்சர்ஸ்' எல்பியில அந்தப் பேரிலயே பாடல் வரி ஒண்டும் இல்லாத ஒரு வாத்திய உருப்படி இருக்கு. அதின்ர தொடக்கத் தாளம் அந்த மூண்டெழுத்துக்கும் உள்ள மோர்ஸ் தந்திக் குறிதான். பள்ளிக்கூடத்தில நெடிலுக்கு 2 மாத்திரை, குறிலுக்கு 1 மாத்திரை எண்டு படிச்சம் தானே, அதே கணக்கில எண்ணு: வை எண்டது நெடில் குறில் நெடில் நெடில், அது 7. அடுத்த வையும் 7. இசட் எண்டது நெடில் நெடில் குறில் குறில், அது 6. மொத்தம் 20, அதாவது அஞ்சஞ்சா எண்ணிற கண்டம் நாலு. மல்லாவித் தவில்காரர் இதையும் ஒருக்கா வாசிச்சுப் பாக்கோணும்.

இன்னொண்டு, றஷ் 1976ல '2112' எண்டு ஒரு பக்கம் முழுக்க 20 நிமிசப் பாட்டுப் போட்டவங்கள், அஞ்சு வருசத்தில அதே கெட்டித்தனத்தை நாலு அஞ்சு நிமிசத்துக்குள்ள சுருக்கிப் போட்டாங்கள். ரெண்டையும் அடுத்தடுத்துக் கேட்டா 70க்கும் 80க்கும் உள்ள வித்தியாசம் வாத்தியார் இல்லாமலே விளங்கும்.

கேள்வி (வவுனியா): 80களில எல்லாரும் காசுக்கு விலைபோயிட்டினம் எண்டு சொல்லுறது சரியோ?

பதில்: பாதி சரி தங்கச்சி. 1981ல பாட்டு வீடியோ போடுற எம்டிவி எண்ட டிவி சனல் வந்திட்டுது, மூஞ்சையும் முடியும் வடிவா இருக்கோணும், பாட்டு நாலு நிமிசத்தில முடியோணும். யெஸ் 1983ல விட்ட 'ஓனர் ஒஃப் எ லோன்லி ஹார்ட்' அமெரிக்காவில முதலிடம் வந்தது, 18 நிமிசம் பாடின அதே பாண்ட். எனக்கு அந்தப் பாட்டுப் பிடிக்கும், வெக்கமில்லாமல் சொல்லுறன். ஆனா 1981ல கிங் கிரிம்சன் திரும்பக் கூடி 'டிசிப்ளின்' எண்டு ஒண்டு போட்டவை, பழைய சாயல் ஒரு சொட்டும் இல்லை, இந்தோனேசியாக் கமலான் மேளக் கூட்டம் மாதிரி ரெண்டு கிற்றாரும் ஒண்டுக்குள்ள ஒண்டு பின்னிப் போகும், இதை யாருக்கு விலைபோனது எண்டு சொல்லுவியள்? மற்றது மரில்லியன் எண்ட பாண்ட், அவை 70கள் ஜெனசிஸ் பாண்டின்ர சட்டையைத் தோய்ச்சுப் போட்டவை, எண்டாலும் 1985ல வந்த அவையின்ர 'மிஸ்ப்ளேஸ்ட் சைல்ட்ஹுட்' நல்ல சாமான்.

கேள்வி (புதுக்குடியிருப்பு): சின்னதா, வேகமா, முரட்டுத்தனமா அடிக்கிற பங்க் பாட்டு வந்துதான் ப்ரொக்கைச் சாகடிச்சதோ?

பதில்: இல்லை. அது முதலே கொழுத்துப்போய் மூச்சு வாங்கிக்கொண்டு நிண்டது, பங்க் வந்து தட்டிவிட்டது, அவ்வளவுதான்.

கேள்வி (நெடுங்கேணி): என்ர கீபோட்டில மெலட்ரோன் எண்டு ஒரு சத்தம் இருக்கு, அது பழைய பாட்டில வாற மாதிரி இல்லை. ஏன்?

பதில்: இது என்ர தொழில் கேள்வி, கொஞ்சம் இருந்து சொல்லுறன். மெலட்ரோனில ஒவ்வொரு கட்டைக்குக் கீழயும் ஒரு துண்டு ரேப், அதான் கசற்றில வாற மாதிரி நாடா, இருக்கு, அதில வயலினோ புல்லாங்குழலோ கோரஸ் குரலோ பதிஞ்சிருக்கும், கட்டையை அமத்த ரேப் ஹெட்டில உரஞ்சிக்கொண்டு ஓடும், 8 செக்கன் அளவிலதான் ஓடும், பிறகு சத்தம் நிண்டிடும், கையை எடுத்தா ஸ்ப்ரிங் இழுத்துப் பழைய இடத்துக்குக் கொண்டுவரும். அப்ப வாசிக்கிறவன் 8 செக்கனுக்குள்ள கையை மாத்தியே ஆகோணும், கனக்கக் கட்டையைச் சேத்து அமத்தினா மோட்டர் திணறிச் சுருதி ஆடும். கிங் கிரிம்சன்ர முதல் எல்பியில முகில் இறங்கிற மாதிரி வாற அந்தச் சத்தம் இந்த மெசின்தான். உன்ர கீபோட்டில சத்தம் நிக்காது, சுருதி ஆடாது, மோட்டர் திணறாது. அதுதான் பிழை. எட்டு எண்ணி முடிய முதல் கையை எடுத்து வாசிச்சுப் பார், பாதி வித்தியாசம் போயிடும்.

கேள்வி (மாங்குளம்): ட்ரீம் தியேட்டர் எண்ட பாண்டுக்குப் பிறகுதானே உண்மையான வித்தை வந்தது?

பதில்: வேகம் வந்தது. 1992ல 'இமேஜஸ் அண்ட் வேர்ட்ஸ்' கேக்க எனக்கும் வாய் பிளந்துதான் போச்சு. ஆனா சிடி வந்த உடன பக்கம் திருப்பிற வேலை இல்லாமல் போச்சு, 70 நிமிசத்துக்கு மேல பிடிக்குது, இடம் கிடக்கு எண்டு நிரப்பத் தொடங்கிட்டாங்கள். 1999ல வந்த அவையின்ர கதை அல்பம் 77 நிமிசம், அது ஒண்டு தாங்கும், மற்ற ஆக்களின்ர கனக்கச் சிடியளில பாதி வைக்கல்.

கேள்வி (முல்லைத்தீவு): அப்ப 2000க்குப் பிறகு ஒண்டும் இல்லையோ மாமா?

பதில்: ஏன் இல்லை. 2001ல டூல் எண்ட பாண்ட் போட்ட 'லேட்டரலஸ்' கேள். அதில 9, 8, 7 எண்டு தாளம் குறைஞ்சு குறைஞ்சு சுத்தும், பாடுற அசைகளோ 1, 1, 2, 3, 5, 8 எண்டு கூடும், முன்னால வாற ரெண்டு எண்ணையும் கூட்டினா அடுத்தது வாற இதைப் பிபனாச்சி வரிசை எண்டுவினம், 987 எண்டதும் அதே வரிசையில வாற எண். கணக்கு தெரியாமல் கேட்டாலும் மயிர் கூச்செறியும், அதுதான் விசேசம். போர்க்குபைன் ட்ரீயின்ர 'இன் அப்சென்சியா' (2002) இன்னும் லேசு, இதில தொடங்கு. அந்த பாண்டின்ர ஸ்டீவன் வில்சன்தான் கிங் கிரிம்சன், யெஸ், ஜெத்ரோ டல் எல்பியளைப் பிறகு புதுசா மிக்ஸ் பண்ணினவர், அதுகளில முந்திக் கேக்காத கீபோட் எல்லாம் கேக்குது. 2010க்குப் பிறகு எட்டுத் தந்திக் கிற்றார்காரர் வந்திருக்கினம், கெட்டிக்காரர், ஆனா எனக்கு ரெண்டு பாட்டுக்கு மேல தலையிடிக்குது, வயசு போல.

கேள்வி (பரந்தன்): எங்கட இசையோட சேத்து ஆரும் செய்யேல்லையோ?

பதில்: பெங்களூரில அகம் எண்டு ஒரு பாண்ட், கர்நாடக ப்ரோக்ரசிவ் ரொக் எண்டே தங்களைச் சொல்லுகினம், கீர்த்தனையை எடுத்து ரொக்கில வைக்கினம், நல்லாயிருக்கு. பறையையும் உடுக்கையும் வச்சு இங்க ஆரும் செய்தா வயர், ஸ்பீக்கர் எல்லாம் நான் சும்மா தாறன்.

கேள்வி (கிளிநொச்சி, பழைய சயிக்கிள் சுத்தின கூட்டாளி): டேய், ஜெனசிசின்ர அந்த 23 நிமிசப் பாட்டு, எங்கட கசற்றில பாதியில நிண்டதே, மிச்சம் எப்பவாவது கேட்டனியோ?

பதில்: 'சப்பர்ஸ் ரெடி'. மறப்பனே. மாமான்ர மகன் லண்டனில பதிஞ்சு கொண்டு வந்தவர், முன்னுக்கு வேற பாட்டு ஏத்தி இடம் காணாமல் போச்சு. ஓகன் சோலோ 9ல சுத்திச் சுத்தி ஏறிக்கொண்டு போகேக்க டக் எண்டு நிண்டிடும், நீ பெடலை விட்டிட்டாய் எண்டு நான் உனக்குப் பேசுவன். கசற் 2009ல மற்றச் சாமானுகளோட போயிட்டுது. அடுத்த வருசம் வவுனியாவில ஒரு நெற் கஃபேல மிச்சத்தைக் கேட்டன். சோலோ ஏறி முடிய, பாட்டு தொடக்கத்தில வந்த மெட்டு பெரிசாத் திரும்பி வருது, பாட்டுக்காரன் தொண்டை கிழியப் பாடுறான். ஹெட்போனில ஒரு பக்கம்தான் வேலை செய்தது. கையால பிடிச்சுக்கொண்டு இருந்து கேட்டன், அரை மணித்தியாலத்துக்கு நாப்பது ரூவா எடுத்தவன்.