"பாஸ்டரிடம் கேட்டுச் சொல்கிறேன்"

அன்புள்ள அக்காவுக்கு,

ஸ்தோத்திரம். எனக்கு 41 வயது. கோவையில் இருக்கிறோம். கணவர் மில்லில் சூப்பர்வைசர், ஒரே மகன் ஒன்பதாம் வகுப்பு. நான் பிறந்தது திருநெல்வேலிப் பக்கம். ஞாயிறு பள்ளியில் மனப்பாட வசனத்துக்குப் பரிசெல்லாம் வாங்கியிருக்கிறேன். கல்யாணமாகி வந்த பிறகு வீட்டுக்கு அருகிலிருந்த ஒரு சபைக்குப் போக ஆரம்பித்தோம். 13 வருடம் ஓடிவிட்டது.

அங்கே எங்களுக்கு எல்லாமே பாஸ்டர்தான். பையனை எந்தப் பள்ளியில் சேர்ப்பது, நகையை அடகு வைக்கலாமா, நாத்தனார் வீட்டுக் கல்யாணத்துக்குப் போகலாமா என்று எதுவானாலும் அவரிடம் சொல்லி ஜெபித்து, அவர் சொன்னபடி செய்வோம். வேதத்தை நானாக வாசித்ததில்லை என்றே சொல்லலாம். அவர் பிரசங்கத்தில் திறக்கச் சொல்லும் பக்கத்தைத் திறப்பேன். காலையில் வாட்ஸ்அப்பில் ஒரு வசனம் அனுப்புவார், அதோடு சரி.

போன வருடம் அவர் வேறு ஊருக்கு ஊழியத்துக்குப் போய்விட்டார். புதியவர் நல்லவர்தான், ஆனால் அவர் பேசுவது மனதில் ஒட்டவில்லை. வேதத்தைத் திறந்தால் நாலு வசனத்துக்கு மேல் ஓடவில்லை. மூடிவிடுகிறேன். அப்புறம் அந்தப் புத்தகத்தைப் பார்த்தாலே குற்றவுணர்வு.

புத்தாண்டு ஆராதனையில் அந்த வருடத்துக்கென்று ஆளுக்கொரு வேத வசனம் எழுதிக் கொடுக்கும் வாக்குத்தத்த அட்டையில் எனக்கு வந்தது எரேமியா 29:11, "அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே" என்று கர்த்தர் சொல்லும் வசனம். ஃபிரிட்ஜில் ஒட்டியிருக்கிறேன். ஒரு நாள் மகன் தண்ணீர் பாட்டிலை எடுத்துக்கொண்டே, "அம்மா, இது யாருக்குச் சொன்னது? இதுக்கு முன்னாடி என்ன இருக்கு?" என்று கேட்டான். எனக்குத் தெரியவில்லை. "பாஸ்டரிடம் கேட்டுச் சொல்கிறேன்" என்றேன். "எந்தப் பாஸ்டர்மா?" என்றான். கிண்டலாக இல்லை, நிஜமாகவே கேட்டான். அன்று ராத்திரி முழுக்கத் தூங்கவில்லை. என் விசுவாசமே அவருடையதுதானா அக்கா?

இப்படிக்கு,
கோவை வாசகி

அன்புத் தங்கைக்கு,

உன் விசுவாசம் உன்னுடையதுதான். அவருடையதாக இருந்திருந்தால் அவரோடேயே ஊருக்குப் போயிருக்கும், நீ தூக்கமில்லாமல் கிடந்திருக்க மாட்டாய். உன்னிடம் இல்லாதது பழக்கம் மட்டுமே. 13 வருடம் வண்டியில் பின்னால் உட்கார்ந்தே போனவரிடம் சாவியைக் கொடுத்தால், தினமும் போன தெருவிலேயே திரும்ப வேண்டிய இடம் தெரியாது. நாமே ஓட்டினால்தான் வழி மனதில் பதியும்.

இன்னொன்றையும் கவனி. வாசிக்கவில்லை என்று குற்றவுணர்வு வருகிறது. அந்த உணர்வு வலிப்பதால் புத்தகத்தின் பக்கமே போக மனம் வருவதில்லை. போகாததால் அது இன்னும் கூடுகிறது. என்னிடம் வருகிற பலரை இந்தச் சுழல்தான் வருடக்கணக்கில் கட்டிப்போட்டிருக்கிறது. "நாளையிலிருந்து தினமும் நாலு அதிகாரம்" என்று சபதம் எடுத்தால் மூன்றாம் நாள் மறுபடி அதே சுழலில்தான் நிற்பாய். அதனால் சிறிதாகத் தொடங்கு. ஃபிரிட்ஜில் இருக்கும் அந்த வசனத்திலேயே தொடங்கலாம்.

எரேமியா 29 ஒரு கடிதம். எருசலேமிலிருந்த தீர்க்கதரிசி எரேமியா, நேபுகாத்நேச்சார் ராஜா பாபிலோனுக்குச் சிறைபிடித்துப் போன ஜனங்களுக்கு எழுதியது. ஐந்தாம் வசனத்தைப் பார்: அங்கேயே வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், அதன் கனியைச் சாப்பிடுங்கள். ஏழாம் வசனத்தில், தங்களைச் சிறைபிடித்த அந்தப் பட்டணத்துக்காகவே ஜெபிக்கச் சொல்கிறார். பத்தாம் வசனத்தில், 70 வருஷம் முடிந்த பிறகுதான் ஊர் திரும்புவீர்கள் என்கிறார். அப்புறம்தான் உன் அட்டையில் உள்ள வசனம் வருகிறது. உன் வயதில் ஒரு பெண் பாபிலோனில் அந்தக் கடிதத்தை வாசிக்கக் கேட்டிருந்தால், திரும்பிப்போகும் நாளைத் தன் கண்ணால் பார்க்க மாட்டாள் என்று அவளுக்குப் புரிந்திருக்கும். அவளுக்கும் சேர்த்துத்தான் "சமாதானத்துக்கேதுவான நினைவுகள்" என்று சொல்லப்படுகிறது. முந்தின அதிகாரத்தில் அனனியா என்ற தீர்க்கதரிசி இரண்டே வருஷத்தில் எல்லாம் சரியாகிவிடும் என்கிறான். கேட்க இனிமையாகத்தான் இருந்தது. எது உண்மை என்று ஜனங்கள்தான் நிதானிக்க வேண்டியிருந்தது. அட்டையில் இதெல்லாம் இருக்காது. அட்டையைக் குறை சொல்லவில்லை, என் வேதத்துக்குள்ளும் நாலைந்து கிடக்கின்றன.

பாஸ்டர் சொன்னதைச் சரிபார்ப்பது மரியாதைக் குறைவு என்ற பயம் உனக்குள் இருக்கக்கூடும். பெரோயா ஊர்க்காரர்கள் சரிபார்த்தது யாரை? அப்போஸ்தலனாகிய பவுலையே. அவர் சொன்னது அப்படித்தானா என்று தினந்தோறும் வேதவாக்கியங்களை ஆராய்ந்தார்கள். அப்போஸ்தலர் 17:11 அவர்களை நற்குணசாலிகள் என்கிறது. சபையை விட்டுவிடாதே. புதியவரிடம் ஆராதனை முடிந்ததும் போய், "இன்று சொன்ன இந்த இடம் புரியவில்லை" என்று கேள். நல்ல மேய்ப்பருக்கு அது சந்தோஷமாகவே இருக்கும்.

எரேமியாவுக்குப் பிறகு மாற்கு சுவிசேஷம் வாசி. 16 அதிகாரம்தான். ஒரு நாளைக்கு ஒரு சம்பவம் போதும், அதிகாரம் முடிய வேண்டியதில்லை. பழைய மொழிபெயர்ப்பின் தமிழ் தடுத்தால் அது உன் குறையல்ல. "லேவி ஆயத்துறையில் உட்கார்ந்திருக்கிறதைக் கண்டு" என்பதை நான் சின்ன வயதில் ஏதோ ஆற்றங்கரைத் துறை என்றே நினைத்திருந்தேன். 1995-இல் வந்த திருவிவிலியம் என்ற புதிய மொழிபெயர்ப்பில் "சுங்கச்சாவடி" என்று பார்த்த பிறகுதான் டோல்கேட்டும் அங்கே நிற்கிற எரிச்சலும் கண்ணுக்குத் தெரிந்தது. இரண்டையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு வாசி.

பள்ளி, நகை போன்ற முடிவுகளை இனி நீயும் கணவரும் உட்கார்ந்து பேசி, ஜெபித்து எடுங்கள். பெரியவர்களின் ஆலோசனையைக் கேட்கலாம், அது கடைசியில். முதல் இரண்டு மூன்று முடிவுகளுக்குக் கை நடுங்கும். பரவாயில்லை.

தூக்கமின்மை அந்த ஓர் இரவோடு போனதா? இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தாலோ, சாப்பாட்டிலும் வீட்டு வேலையிலும் மனம் ஒட்டாமல் போனாலோ மனநல மருத்துவரைப் பார். அதை ஜெபக்குறைவு என்று யார் சொன்னாலும் கேட்காதே. எலியா தீர்க்கதரிசி சூரைச்செடியின் கீழே சாகவேண்டுமென்று படுத்தபோது தேவதூதன் அவனுக்குக் கொடுத்தது அடையும் தண்ணீரும்தான். கூடவே தூங்கவும் விட்டான்.

மகனிடம் நீ இன்னும் பதில் சொல்லவில்லை, இல்லையா? இன்று ராத்திரி சாப்பாடு முடிந்ததும் அவனைக் கூப்பிட்டு, "நீ கேட்டது எனக்குத் தெரியலைடா, வா, சேர்ந்து பார்ப்போம்" என்று சொல். 29-ஆம் அதிகாரத்தை முதல் வசனத்திலிருந்து அவனே சத்தமாக வாசிக்கட்டும். இரண்டு பேருக்கும் புரியாத இடம் கண்டிப்பாக வரும். அதை ஒரு நோட்டில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். எந்த இடத்தில் நின்றீர்கள் என்று எனக்கும் எழுது.

அன்புடன்,
அக்கா