கிலோ விலையும் செட் விலையும்: தீபாவளிக் கால கேள்வி-பதில்

கேள்வி (கோலாலம்பூர் செந்தூல் வாசகி): தீபாவளி திறந்த இல்ல உபசரிப்புக்கு 40 பேர் வருகிறார்கள். கோழியோடு ஆட்டுக்கறியும் செய்யவேண்டும். எத்தனை கிலோ வாங்குவது? உறைந்த இறைச்சி வாங்கினால் மிச்சமாகுமா?

பதில்: கோழியும் இருப்பதால் எலும்போடு ஆளுக்கு 150 கிராம் போதும், மொத்தம் 6 கிலோ. கோழி இல்லையென்றால் 8 கிலோ.

கடைகளில் கிடைக்கும் ஆஸ்திரேலிய உறைந்த இறைச்சி பெரும்பாலும் செம்மறி. உள்ளூர் வெள்ளாட்டைவிட மலிவு, கொழுப்பும் வாடையும் கூடுதல். ஆனால் தராசில் பனிக்கட்டியும் சேர்ந்தே ஏறுகிறது. முதலில் 1 கிலோ வாங்கி, உருகி நீர் வடிந்தபின் நிறுத்துப் பாருங்கள். உண்மையான கிலோ விலை அப்போதுதான் தெரியும். அரசு பண்டிகைக் கால உச்சவரம்பு விலை அறிவித்த பொருள்களுக்குக் கடைக்காரர் இளஞ்சிவப்பு விலை அட்டை வைக்கவேண்டும். வாங்குமுன் அதைத் தேடுங்கள்.

உறைந்த இறைச்சி ஐஸ்பெட்டியின் கீழ்த்தட்டில் உருகட்டும். 2 கிலோ கட்டிக்கு ஒரு முழு நாள், 5 கிலோ கட்டிக்கு இரண்டு நாள். பாதி உருகியதைச் சட்டியில் போட்டால் நீர்விட்டுச் சூடு இறங்கிவிடும். மசாலா வதங்காது, இறைச்சி வெந்நீரில் அவிந்ததுபோல் ஆகிவிடும்.

6 கிலோவுக்கு வெங்காயம் ஒன்றரை கிலோ, இஞ்சி பூண்டு விழுது 300 கிராம், கறி மசாலாத்தூள் 180 கிராம். மசாலாவை மொத்தமாக வதக்கிக்கொண்டு, இறைச்சியை 2 கிலோவாகப் பிரித்துப் பிரட்டுங்கள். 2 கிலோவுக்கு ஊற்றும் தண்ணீரை மட்டும் மும்மடங்காக்காதீர்கள். பெரிய சட்டியில் ஆவியாவது குறைவு, இரு மடங்கே போதும். உருளைக்கிழங்கைத் தனியாக வேகவைத்துப் பரிமாறும்போது சேருங்கள்.

முதல்நாளே சமைப்பவர்கள் தவறுவது ஆறவைப்பதில்தான். முழுச் சட்டியை இரவெல்லாம் அடுப்பில் விட்டால் நடுவில் வெதுவெதுப்பு மணிக்கணக்கில் நிற்கும். கொதியில் சாகாத கிருமி வித்துகள் அதில் முளைத்துப் பெருகும். இரண்டு அங்குல ஆழத்துக்கு மேல் போகாமல் தட்டையான பாத்திரங்களில் பிரித்து, இரண்டு மணி நேரத்துக்குள் ஐஸ்பெட்டிக்குள் வையுங்கள். தேங்காய்ப்பாலை மறுநாள் சூடாக்கும்போது, அந்தந்தத் தவணைக்கு மட்டும் ஊற்றினால் மாலைவரை கெடாது.

கேள்வி (பிரிக்பீல்ட்ஸ் வாசகர்): புக்கிட் பிந்தாங்கில் இரண்டு கடைகளில் ஒரே போனுக்கு 300 வெள்ளி (ரிங்கிட்) வித்தியாசம். போட்டியால்தான் மலிவா?

பதில்: போட்டியும் காரணம்தான். ஆனால் போட்டியாகத் தெரியும் பெயர்கள் பல உறவுதான்: சீன நிறுவனமான ஷாவ்மியின் ரெட்மியும் போக்கோவும் ஒரே வீட்டுப் பிள்ளைகள். ரியல்மி 2018-இல் ஓப்போவிலிருந்து பிறந்தது. போக்கோ எஃப்5, ரெட்மி நோட் 12 டர்போ போல ஏறக்குறைய ஒரே போன் இரு பெயரில் வரும். அதனால் பெயரை விட்டுவிட்டு சிப்பின் பெயரை ஒப்பிடுங்கள். '16ஜிபி ராம்' என்றால் பல நேரம் 8 தான் ராம். மீதி 8 சேமிப்பிலிருந்து கடன் வாங்கியது, வேகம் தராது. கடையில் கேட்கவேண்டிய இன்னொன்று: பாதுகாப்பு அப்டேட் எத்தனை ஆண்டு? சாம்சங் கேலக்ஸி எஸ்24-க்கு ஏழு ஆண்டு. மலிவு செட்டில் இரண்டோ மூன்றோ என்றால் அடுத்த செட்டுக்கான செலவு சீக்கிரமே வந்துவிடும்.

ஒரே மாடலுக்கு 300 வெள்ளி இடைவெளி என்றால் மலிவானது ஏபி செட்டாக இருக்கலாம், அதாவது பிராண்டின் உள்ளூர் விநியோகஸ்தர் வழியாக அல்லாமல் வேறு வழியில் இறக்குமதியானது. உத்தரவாதம் கடையோடு நின்றுவிடும். பிராண்டின் சேவை மையம் திருப்பி அனுப்பக்கூடும். சீனாவுக்கான செட்டில் மென்பொருளை மாற்றிப் பூட்லோடரை (போனைத் தொடக்கும் பூட்டிய மென்பொருளை) திறந்து விற்றிருந்தால் வங்கிச் செயலிகள் திறக்க மறுக்கலாம்.

காசு கொடுக்குமுன் *#06# அழுத்தி வரும் 15 இலக்க ஐஎம்இஐ எண்ணை, அதாவது போனின் தனி அடையாள எண்ணை, பெட்டியோடு ஒப்பிடுங்கள். மலேசியத் தரச்சான்றான சிரிம் முத்திரை பெட்டியிலோ செட்டிங்ஸிலோ இருக்கிறதா பாருங்கள். உங்கள் வங்கிச் செயலியை அங்கேயே இறக்கித் திறந்து பாருங்கள். ரசீதில் மாடல், ஐஎம்இஐ, 'மலேசியச் செட், பிராண்ட் உத்தரவாதம் ஓராண்டு' என்று எழுதி வாங்குங்கள். வாய்வார்த்தை பின்னால் உதவாது. தகராறு வந்தால் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்துக்குப் போகலாம்: கட்டணம் 5 வெள்ளி, 50,000 வெள்ளி வரை கோரலாம், மூன்று ஆண்டுக்குள் மனு செய்யவேண்டும். அந்த ரசீதுதான் உங்கள் முதல் சாட்சி.